தோல்வார்

தீட்டுவதற்காகக் கஜேந்திரன் சவரக்கத்தியை இழுத்ததும் தோல்வாரில் ஒரு கீறல் விழுந்தது.

"கூரு முன்னால போகக்கூடாதுடா. முதுகுதான் முன்னால போகணும்," என்றாள் அம்மா நாகலெட்சுமி.

உள்ளே அப்பா சிவசாமி கிடந்தார். விடிகாலை ஐந்தரைக்கு மூச்சு நின்றது. டயகமைத் தேயிலைத் தோட்டத்தில் அவர்களுடைய லயத்து வீடுகளில் எந்த ஆண் செத்தாலும், குளிப்பாட்டுமுன் முகம் வழித்துவிட்டவர் அவர்தான். இப்போது அவர் முகத்திலேயே ஒரு மாதத் தாடி. பத்து மணிக்கு மலர்ச்சாலைக்காரர்கள் சவப்பெட்டியோடு வந்துவிடுவார்கள்.

"கடையில விக்கிற ரேசர் போதாதாம்மா?"

"இந்தத் தாடிக்கு அது புடிச்சு இழுக்கும். உசுரோட இருக்கவங்களுக்குக் காயம் ஆறும். இவருக்கு ஆறாது."

பக்கத்துக் காம்பரா வீட்டுச் செல்லசாமி வாசலில் நின்று வாரைப் பார்த்தார். "ஏன்டா கொழும்புக்காரா, பாணுக்கு மாஜரின் பூசுற மாதிரியில்ல பூசி வச்சிருக்க!"

உண்மைதான். கத்தி தீட்டும் பச்சை மெருகுக் கட்டியை அவன் வாரில் அப்பியிருந்தான். அம்மா வாரை வாங்கினாள். கரண்டி முதுகால் மிச்சத்தை வழித்தாள். அடுப்போரம் காட்டிச் சூடேற்றி, கட்டியை இலேசாகத் தேய்த்து, பச்சை தெரிந்தும் தெரியாமலும் ஆகும்வரை உள்ளங்கையால் பரப்பினாள். வாரின் நுனி வளையத்தை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்துப் பிடித்தாள். கத்தி போனது, முதுகின் மேலேயே புரண்டு திரும்பி வந்தது. அவள் அழுத்தவே இல்லை. கஜேந்திரன் எண்ணினான், முப்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. முதலில் கரகரத்த சத்தம் மெல்ல அடங்கி, காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்டது.

"இத எங்க பழகுனீங்கம்மா?"

"முப்பது வருசமா யாரு தீட்டிக் குடுத்தான்னு நெனச்ச? ஒங்கப்பா வழிப்பாரு. அவ்வளவுதான்."

"அண்ணன் சொல்லவே இல்லியே, அக்கா," என்றார் செல்லசாமி.

"நீங்க கேட்டீங்களா?"

தன் முன்கையில் கத்தியை வைத்துப் பார்த்தாள். ரோமம் தானாக உதிர்ந்தது. மகனிடம் நீட்டினாள். அவன் அதைக் கரண்டி பிடிப்பதுபோல் முழுக்கையால் பற்றினான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"பொம்பள வழிக்கிறதா..." என்று தொடங்கிய செல்லசாமி நிறுத்திக்கொண்டார். வெளிச்சத்தை மறைக்காமல் வாசலைவிட்டு விலகி நின்றார்.

அம்மா அப்பாவின் அருகே உட்கார்ந்து, முகத்தில் சவர்க்கார நுரை பூசி, இடது கட்டைவிரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்தாள். கத்தி இறங்கியது. வெள்ளை முடி போன இடத்தில் ஒரு கோடுகூட விழவில்லை. கஜேந்திரன் தண்ணீர்க் கோப்பையை ஏந்தியபடி நின்றான்.

ஒரு பக்கம் முடிந்தது. அம்மா இரண்டு விரலால் தாடையைத் தொட்டு மெல்லத் தள்ளினாள். அப்பாவின் முகம் மறுபக்கம் திரும்பிக் கொடுத்தது.