வலப்பக்க விளக்கு

சித்தூர் சபையின் செயலாளர் அசரியா, மண்டல ஆபீஸில் சூப்பரின்டெண்டாக இருந்து ரிட்டயரானவர். ஆபீஸை விட்டு வந்த கையோடு பால்காரனிலிருந்து பக்கத்து வீட்டுக்காரன் வரை எல்லோரும் 'சார்' போடுவதை விட்டுவிட்டார்கள். சபையில் மட்டும் அவர் இன்னும் சார்தான். பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் செயலாளருக்கென்று கை வைத்த நாற்காலி ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்தால்தான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்த மாதிரி இருக்கும். இந்த வருஷம் அந்த நாற்காலிக்குத் தேர்தல். எதிர்த்து நிற்பவர் டைல்ஸ் கடை இஸ்ரேல்.

நாற்காலியைக் காப்பாற்ற ஏதாவது பெரிதாகச் செய்தாக வேண்டும். அறுப்பின் பண்டிகை விருந்தை, அதாவது அசனத்தை, இந்தத் தடவை திருப்பதி சபையோடு சேர்ந்து அங்கேயே வைத்துக்கொள்வது என்று அசரியா ஏற்பாடு செய்தார். அண்டா, அடுப்பு, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் ஏற்றிப்போக, பெங்களூரில் கடையைக் கட்டிக்கொண்டு போன ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ட்ரெய்லரையும் ஏலத்தில் எடுத்து வந்தார். சபையின் ஜீப்பு இழுக்க, ட்ரெய்லர் பின்னால் வர வேண்டியதுதான் பாக்கி.

இழுப்பதெல்லாம் இழுத்தது. விளக்குதான் எரியவில்லை. ட்ரெய்லரின் பிளக்கில் பதின்மூன்று பின்; ஜீப்பின் சாக்கெட்டில் ஏழு ஓட்டை. இரண்டுக்கும் நடுவில் ஒரு அடாப்டர் வாங்கக் கமிட்டி கூடியது. ஆன்லைனில் வாங்கித் தருகிறேன் என்று இஸ்ரேல் முந்திக்கொண்டார். எந்தப் பக்கம் ஆண் முனை, எந்தப் பக்கம் பெண் முனை என்பதைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். ஆனால் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி ஜெமிமா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஆண், பெண், முனை என்றெல்லாம் யார் பேசுவது? "அதான், அந்த அடாப்டரு" என்றார் இஸ்ரேல். "ஆமாமா, அதான்" என்றார் அசரியா. ஜெபம் செய்து கூட்டத்தை முடித்தார்கள்.

வந்த அடாப்டர், ஏழு பின் ட்ரெய்லரைப் பதின்மூன்று ஓட்டை வண்டியில் மாட்டுவதற்கானது. உலகத்தில் யாருக்கோ அது வேண்டியிருக்கும். சபைக்கு வேண்டியிருக்கவில்லை. மறுபடி கமிட்டி, மறுபடி ஜெபம். இந்தத் தடவை ஜெமிமாவே பொறுக்கமாட்டாமல், "பதிமூணு பெண்ணு, ஏழு ஆணுன்னு சொல்லி வாங்குங்களேன், இன்னா வெக்கம்?" என்று சொன்ன பிறகுதான் சரியானது வந்து சேர்ந்தது.

மாட்டிப் பார்த்தால் பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டர் கண்ணடித்தது. ட்ரெய்லரை ஆட்டோ எலக்ட்ரீஷியன் பரணியிடம் கொண்டுபோனார் அசரியா. பரணி பிளக்கைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"சார், முன்ன ரிப்பேரு பண்ணவன் எவனோ, எல்லாத்தையும் கறுப்பு வயராவே இழுத்து உட்டுகீறான். எது லெஃப்டு, எது ரைட்டுன்னு நான் இன்னாத்த கண்டேன்? ஒண்ணொண்ணா பேட்டரில தொட்றேன். நீங்க பின்னாடி நின்னுகினு எந்தப் பக்கம் எரியுதுன்னு சொல்லுங்க."

அசரியா ட்ரெய்லருக்குப் பின்னால் போய்க் கைகட்டி நின்றார்.

இந்த இடத்தில் அந்தச் சபையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கோயிலுக்குள் நுழைகிறவருக்கு இடக்கைப் பக்கம் ஆண்கள் பெஞ்சு, வலக்கைப் பக்கம் பெண்கள் பெஞ்சு. ஆனால் மிஷனரி காலத்திலிருந்தே ஆண்கள் பெஞ்சை 'வலப்பக்கம்' என்றுதான் சொல்வார்கள். போதகர் பீடத்தில் நின்று சபையைப் பார்க்கிறார் அல்லவா, அவருக்கு அது வலப்பக்கம். சபையின் பெஞ்சு, ஃபேன், ஜன்னல் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். வலப்பக்க ஃபேன் ஓடவில்லை என்று யாராவது சொன்னால், ரிப்பேர்காரன் ஸ்டூலோடு ஆண்கள் பக்கம் போவான். அசரியாவுக்குச் சோறு எடுக்கும் கை எது என்று நன்றாகத் தெரியும். ஆனால் ட்ரெய்லர் சபைச் சொத்து. முன்னால் ஜீப்பு பீடம் மாதிரி நிற்கிறது. இவர் வாசலில் நிற்பது மாதிரி பின்னால் நிற்கிறார். இடக்கைப் பக்க விளக்கு மினுக்கியது.

"வலது!" என்றார் அசரியா.

"கரெக்டா பாத்தீங்களா சார்?"

"இருவது வருஷமா பாத்துக்கினு கீறேன். வலதுன்னா வலது."

பரணி அந்த வயரை வலது பின்னில் முடுக்கினான். எல்லாம் முடித்து, ஜீப்பில் ஏறி வலது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுக் குரல் கொடுத்தான். பின்னால் இடப்பக்கம் மினுக்கியது. "வலது எரியுதுப்பா, ஸ்தோத்திரம்!" என்றார் அசரியா. இதைவிடச் சுத்தமாக ஒரு தப்பை யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது.

பண்டிகையன்று ஜீப்பில் டிரைவரோடு அசரியாவும் புதிதாக மாற்றலாகி வந்த போதகரும், பின்னால் ட்ரெய்லரில் பிரியாணி அண்டாக்கள், அதற்கும் பின்னால் வேன்களில் சபையார் என்று ஊர்வலம் பாகாலா வழியாகக் கிளம்பியது. திருப்பதியில் ஒரு பெரிய சந்திப்பில், இடப்பக்கம் திரும்ப வேண்டிய ஜீப்பு இண்டிகேட்டரைப் போட்டது. ட்ரெய்லர் வலப்பக்கம் மினுக்கியது. நடுவில் ஒரு பஸ் வந்து மறைத்தது. பஸ் நகர்ந்தபோது ஜீப்பைக் காணோம். வேன்கள் சந்தேகமே இல்லாமல் வலப்பக்கம் திரும்பின. போன் அடித்தால் யார் காதில் விழும்? உள்ளே எல்லோரும் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச தூரத்தில் வாழைமரம் கட்டிய கல்யாண மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் வேனுக்குக் காத்திருந்தவர்கள் ஓடி வந்து பன்னீர் தெளித்து, "ரண்டி, ரண்டி" என்று கூப்பிட்டு நேராகப் பந்தியில் உட்கார வைத்தார்கள். சபையார் அசந்துபோனார்கள். செக்ரட்டரி சார் மண்டபமே பிடித்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். மணமேடையில் யாரோ இரண்டு பேர் உட்கார்ந்திருந்தது சிலருக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் இலையில் இரண்டாவது தடவை பாயசம் விழுந்ததும் உறுத்தல் அடங்கிவிட்டது. தின்று முடித்து, மணமக்களுக்காக ஒரு சின்ன ஜெபமும் செய்துவிட்டு, இஸ்ரேல் உட்பட எல்லோரும் வேனில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார்கள்.

அங்கே அசன மைதானத்தில், வேன் ஒன்றும் வந்து சேராததைப் பார்த்துப் போதகர் ட்ரெய்லருக்குப் பின்னால் போய் நின்றார். டிரைவர் இண்டிகேட்டரை அணைக்க மறந்திருந்தார்.

"செயலாளரே, ஜீப்பு இடப்பக்கம் காட்டுது. ட்ரெய்லர் வலப்பக்கம் காட்டுதே?"

அசரியாவுக்குத் தன் வாயால் வந்த வினை என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. திருப்பதி சபையார் இரண்டு சபைக்கான பிரியாணியையும் முணுமுணுக்காமல் கரைத்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. நாற்காலி போயிற்று என்றே நினைத்தார்.

ஊருக்கு வந்தால் கதை வேறு மாதிரி இருந்தது. எதிர்ப்பட்டவரெல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "மண்டபம், பொண்ணு மாப்ள, பாயசம்னு இந்த மாதிரி அசனம் எங்க நைனா காலத்துலகூட நடக்கல சார்" என்றார்கள். கல்யாண வீட்டார் போலீசுக்குப் போகாதவரை உண்மையைச் சொல்ல வேண்டிய அவசியம் அசரியாவுக்குத் தெரியவில்லை. போதகரின் வாயை மட்டும் அடைக்க வேண்டும். சபையின் தலைகீழ்க் கணக்கை மாற்றச் சொல்லி அவர் வந்த நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் கமிட்டியில் அசரியாவே ஒரு தீர்மானம் கொண்டு வந்தார்: இனிமேல் சபையில் வலப்பக்கம் என்றால், பீடத்தைப் பார்த்து நிற்பவரின் வலக்கைப் பக்கம். இஸ்ரேல் வழிமொழிந்தார். போதகர் மகிழ்ந்து அதை ஞாயிறு ஆராதனையில் அறிவித்தார். அறிவிப்பு நேரத்தில் என்றைக்கு யார் கேட்டிருக்கிறார்கள்? செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு தேர்தல். கையைத் தூக்கச் சொன்னால் சிலர் இரண்டு கையையும் தூக்குகிறார்கள் என்பதால், அந்தச் சபையில் பக்கம் பிரிந்து நிற்பதுதான் வழக்கம்.

"அசரியாவுக்கு வலப்பக்கம். இஸ்ரேலுக்கு இடப்பக்கம்" என்றார் போதகர்.

கூட்டம் திமுதிமுவென்று ஆண்கள் பெஞ்சுப் பக்கம் போய் நெருக்கியது. அசரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேரா! அவரும் போய் அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டார். எதிர்ப்பக்கம் இஸ்ரேலும் அவர் குடும்பமும், டைல்ஸ் கடனுக்கு வாங்கிய சிலரும் மட்டும் முகம் தொங்க நின்றார்கள்.

போதகர் எண்ணி முடித்துத் தொண்டையைச் செருமினார். "தீர்மானத்தின்படி, இடப்பக்கம் நிற்கிறவர்கள் மிகப் பெரும்பான்மை. புதிய செயலாளர் இஸ்ரேல்."

அசரியா வாயைத் திறந்தார். "ஐயா, வலப்பக்கம்னா இதானே..."

"தீர்மானம் நீங்கள் கொண்டு வந்ததுதானே? மாற்றலாம், தப்பில்லை. கமிட்டியைக் கூட்டச் சொல்லுங்கள்."

"யாரு கூட்டணும்?"

"செயலாளர்தான்."

இஸ்ரேலுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மெதுவாக நடந்து வந்து, கை வைத்த நாற்காலியில் அவ்வளவு மெதுவாகவே உட்கார்ந்தார்.

போதகர் சொன்னதைக் கூட்டத்தில் பாதிப் பேர் கேட்கவில்லை. அவர்கள் அசரியாவைச் சூழ்ந்துகொண்டு கை கொடுத்தார்கள். ஜெமிமா நெரிசலுக்குள் புகுந்து வந்தார்.

"கங்கிராட்ஸ் சார்! அடுத்த வருஷமும் அதே மண்டபத்தையே போட்டுடுங்க சார்."

அசரியா நாற்காலியை ஒருமுறை பார்த்தார். அடுத்த ஞாயிறு இந்த அம்மா தன்னை எப்படிக் கூப்பிடுவார் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

"ஆகட்டும்மா" என்றார்.