டெமராராக்காரர் ஆடிய ஆட்டம்

கைதட்டல் ஓயவே இல்லை. டிரில் மாஸ்டர் ராஜரத்தினம் இரண்டாவது ஓட்டத்துக்குப் பாய்ந்து, கோட்டுக்குள் மட்டையை நீட்டியபடி குப்புற விழுந்ததைப் பார்த்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூட மைதானமே எழுந்து நின்று தட்டியது. அவர் மனைவி அன்னாளும் தட்டினாள்.

அவர் எழுந்திருக்கவில்லை.

எதிர்முனையில் ஆடிக்கொண்டிருந்த தமிழ் வாத்தியார் ஆவுடையப்பன் ஓடிப்போய் அவரைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கூட்டத்தை நோக்கி இரண்டு கைகளையும் விரித்தார். அதையும் ஏதோ ஆட்டத்துச் சைகை என்று நினைத்துச் சிலர் தட்டினார்கள்.

ராஜரத்தினம் மேற்கிந்தியத் தீவுகள் பக்கத்து டெமராராவில் பிறந்தவர். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலேறிய தகப்பனின் மகன். அங்கே பெரிய கிரிக்கெட் ஆட்டங்களில் மட்டை பிடித்தவர். இருபத்தைந்து வயதில் ஊர் திரும்பியதும் துரைமார் கிளப் ஒன்றில் ஆடக் கேட்டுப் போனார். பந்து பொறுக்கிப் போடச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் ஆடியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்ததோடு சரி.

இன்று ராஜபாளையம் மில்காரர்களோடு ஆட்டம். வாத்தியார்கள் பக்கம் ஓர் ஆள் குறைந்தது. காலையில் இட்லி வைத்துக்கொண்டே அன்னாள்தான் கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிய. எனக்கு ஒரு நாள் ஆடிக் காட்டப்படாதா?"

"அம்பத்திரண்டு வயசுலயா?" என்று சிரித்தார். கை கழுவி வந்த பிறகு, "நீ வந்து பாக்கதா இருந்தா ஆடுறேன்" என்றார்.

மைதானத்திலிருந்து அவரைப் பெஞ்சில் கிடத்தி வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். நடையில் ஆள் அரவம் கேட்டு, அடுப்படியிலிருந்து மகள் அருள்செல்வி குரல் கொடுத்தாள்.

"யம்மா, அப்பா எம்புட்டு அடிச்சாவ?"

பெஞ்சின் தலைமாட்டைப் பிடித்திருந்த ஆவுடையப்பன்தான் பதில் சொன்னார்.

"அந்தக் கடைசி ஓட்டத்தையும் சேத்து நாப்பத்தொண்ணு, தாயி."

சொல்லிவிட்டு உடைந்து அழுதார். அருள்செல்வி ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

தெரு கூடிவிட்டது. குளிப்பாட்ட வேண்டும் என்று யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள்.

"செத்த நேரம் பொறுங்க" என்றாள் அன்னாள்.

அவர் கால்களில் பந்தடி படாமல் காக்கும் பேடு கட்டியபடியே இருந்தது. யாருக்கும் அவிழ்க்கத் தோன்றவில்லை. அவள் கீழே உட்கார்ந்து வார்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். கெண்டைக்காலில் வார் அழுந்திய தடம் குழிந்து கிடந்தது. அவள் கட்டைவிரலால் அதைத் தேய்த்துவிட்டாள். தடம் மறையவில்லை. கைகளைச் சூடுபறக்க உரசிக்கொண்டு, மறுபடியும் தேய்த்தாள்.