நாலு சென்டிமீட்டர்

ஆஸ்பத்திரி வாசலில் பம்பர் உரசும் சத்தம் கேட்டாலே டயாலிசிஸ் பிரிவின் வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். கணக்கு டீச்சர் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்று அர்த்தம். வாரத்தில் மூன்று நாள், காலை ஐந்தே முக்காலுக்கு, தெருவிலிருந்து வாசலுக்கு ஏறும் அந்தச் சின்னச் சரிவில் மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஏறும். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து அப்பாவை வெளியே எடுக்க வேண்டும். இறங்குவது என்று அதைச் சொல்ல முடியாது. அந்த சீட்டில் உட்கார்ந்தால் முட்டி நெஞ்சுக்கு வந்துவிடும். எழுபது வயதுக்காரர் அங்கிருந்து காலை ஊன்றி எழுந்திருப்பது நடக்கிற காரியமில்லை.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். "முப்பத்தொரு வருஷம் உசரத்துல உக்காந்து ஊரையே குனிஞ்சு பாத்தவன்மா நான். இப்ப நாய்கூட என்னைக் குனிஞ்சு பாக்குது" என்பார். ஆரம்பத்தில் அதற்கு அவள் சிரித்தாள். மூன்றாவது மாதத்தில் சிரிப்பதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

கார் அவள் தம்பியுடையது. அவன் கப்பலில் எஞ்சினியர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் கரை. கரையில் இருக்கும்போது அந்த காரைத் துடைப்பதுதான் அவனுக்கு வேலை. அப்பாவின் சிறுநீரகமும் அவளுடைய பழைய காரின் எஞ்சினும் ஒரே மாதத்தில் கையை விரித்தபோது அவன் நடுக்கடலில் இருந்தான். "என் வண்டியை எடுத்துக்கோக்கா" என்று அவனாகவே சொன்னான். ஆஸ்பத்திரி வேன் என்று ஒன்று இருந்தது. நாலு நோயாளிகளை ஊரெல்லாம் சுற்றி இறக்கிவிட்டு, கடைசியாகத்தான் இவர்கள் வீட்டுக்கு வரும். சிகிச்சை முடிந்து துவண்டுபோன மனிதர் இரண்டு மணி நேரம் அதில் குலுங்கியதை ஒரு முறை பார்த்தவள் மறுநாளே தம்பியின் கார் சாவியைத் தேடி எடுத்தாள்.

ஆறு மணிக்கு அப்பாவை உள்ளே விடுவாள். அங்கிருந்து பள்ளிக்கூடம். பத்தரைக்கு, யாரோ ஒருவரிடம் கெஞ்சிப் பீரியடை மாற்றிக்கொண்டு ஓடி வருவாள். அப்பாவை வீட்டில் படுக்க வைத்து, கஞ்சியைக் கைக்கெட்டும் தூரத்தில் மூடி வைத்துவிட்டு, மறுபடி பள்ளிக்கூடம். மாலையில் திருத்த வேண்டிய நோட்டுகளின் மேலேயே தலை வைத்துத் தூங்கிப்போவாள்.

ஒரு புதன்கிழமை, அப்பாவை வெளியே இழுக்கும்போது அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கை நழுவியது. அப்பா காரின் ஓரமாகவே வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி எதுவும் இல்லை. முதலில் அவர்தான் சிரித்தார். வாட்ச்மேன் வந்து அக்குளில் கை கொடுத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"போதும்மா. இனிமே வரலை. ரெண்டு தடவை விட்டா என்ன ஆயிடும்?"

என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் அவர் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள்.

அன்று மாலை நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். அந்த மெக்கானிக்குக் கடைத்தெருவில் 'பத்தாம் நம்பர்' என்று பெயர். நாளெல்லாம் பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடிக்கொண்டே இருப்பார். கனத்த உடம்பு. காரைச் சுற்றி வந்து, மூச்சு வாங்கக் குனிந்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தார்.

"இந்த வண்டியை நீங்களா ஓட்டுறீங்க?"

"ஆமாண்ணே. உயரத்தை ஏத்தணும். முடியுமா?"

"எல்லாரும் இறக்கச் சொல்லித்தான் வருவாங்க. ஏத்தச் சொல்லி வந்த மொத ஆள் நீங்கதான்." லிஃப்டில் காரைத் தூக்கி, கீழே டார்ச் அடித்துப் பார்த்தார். "கம்பெனியில வந்த உயரமே இது இல்ல டீச்சர். யாரோ குட்டை ஸ்ப்ரிங் போட்டு மூணு சென்டி இறக்கியிருக்காங்க. பழைய ஸ்ப்ரிங் இருக்கா?"

தம்பியின் கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்றிருந்தது. போன் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னதும் அவன் குரல் உயர்ந்தது.

"அக்கா, தயவுசெஞ்சு அதுல கை வைக்காத. வண்டியோட அழகே அந்த உக்காந்த வாட்டத்துலதான் இருக்கு. நான் வர்ற வரைக்கும் பொறு."

"எப்ப வருவ?"

"அஞ்சு மாசம்."

அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "இன்னைக்கு அப்பா கீழ விழுந்துட்டார்டா" என்று மட்டும் சொன்னாள். "நான்தான் விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் இரும்பு இரும்போடு மோதும் சத்தமும் யாரோ கூப்பிடும் சத்தமும் கேட்டன. அவற்றுக்கு நடுவே அவன் சொன்னான்: "பழைய ஸ்ப்ரிங்கை என் கட்டிலுக்கு அடியில, போர்வையில சுத்தி வச்சிருக்கேன். நாலும் இருக்கு. எது முன்னாடி, எது பின்னாடின்னு சீட்டு ஒட்டியிருக்கேன்."

சனிக்கிழமை வேலை நடந்தது. அவள் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தினாள். பத்தாம் நம்பர், ஸ்ப்ரிங்கைக் கவ்வியில் மாட்டி நெரிக்கும்போது மட்டும், "டீச்சர், கொஞ்சம் தள்ளிப் போய் உக்காருங்க. இது தெறிச்சா ஆளைத் தூக்கிடும்" என்றார். பின்பக்க போல்ட் ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு, சூடு காட்டி, அதற்குக் கேட்க முடியாத பெயர்களெல்லாம் வைத்து, மதியம்தான் கழற்றினார். பழைய ஸ்ப்ரிங்குகளால் மூன்று சென்டிமீட்டர் ஏறியது. அவற்றின் தலையில் கனமான ரப்பர் வளையம் வைத்து இன்னொரு சென்டிமீட்டர் ஏற்றினார்.

"ஆறு சென்டியாப் பண்ண முடியாதாண்ணே?"

"பண்ணலாம். அப்புறம் வளைவுல வண்டி பேயாட்டம் ஆடும். சக்கரத்துக்குப் போற தண்டு கோணலா நின்னு ஒரு வருஷத்துல தேஞ்சுடும். உங்க அப்பாவை உக்கார வச்சு ஓட்டப் போறீங்க. நாலுக்கு மேல என் கையால ஏத்த மாட்டேன்."

"சீட்டையாவது உயர்த்துங்களேன்."

"சீட் போல்ட்டையும் தொட மாட்டேன். இடிச்சா அதுதான் ஆளைப் பிடிச்சு நிக்கும். கெட்டியான ஃபோம் ஒண்ணு வெட்டித் தர்றேன், அழுந்தாது. அதைப் போட்டு உக்கார வைங்க." அளந்து வெட்டிக் கொடுத்தார். சக்கரங்களின் கோணத்தைச் சரி பார்த்து, ஹெட்லைட்டைக் கொஞ்சம் கீழே திருப்பினார். "மூக்கு தூக்கிடுச்சு பாருங்க. அப்படியே விட்டா எதிர்ல வர்றவன் கண்ணைக் குருடாக்கும்" என்றார்.

வீட்டு வாசலில் அப்பா காரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். 'லாரி மாதிரி இருக்கு' என்று பதில் வந்தது. அப்பா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அதை வாசித்தார். "லாரியாம்ல. பஸ்ஸுன்னு சொல்லச் சொல்லு அவனை."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிச் சரிவில் ஏறும்போது இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கார் சத்தமே இல்லாமல் ஏறி நின்றது. சத்தம் வராததால் வாட்ச்மேனும் எழுந்து வரவில்லை. அவள் ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது. அப்பாவை இறக்க இப்போதும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஆனால் தூக்க வேண்டியிருக்கவில்லை. கை கொடுத்தால் போதும், அவரே எழுந்தார்.

அதனால் அவளுடைய சோர்வு போய்விடவில்லை. வாரம் மூன்று நாள் அதே அலாரம், அதே ஓட்டம். டயாலிசிஸ் முடிந்த அன்று அப்பா பேசவே மாட்டார். பேசினால், "இன்னும் எத்தனை நாளைக்கும்மா இப்படி?" என்று கேட்பார்.

ஒன்றிரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பத்தேகாலுக்கே வந்து காரை வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அப்பா வெளியே வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. கண்ணை மூடினால் நன்றாக இருக்கும் போல் இருந்தது. மூடினாள்.

விழித்தபோது வெயில் மடிக்கு வந்திருந்தது. மணி பதினொன்று ஐந்து. பதறிக் கதவைத் திறக்கப் போனவளின் கையை யாரோ பிடித்தார்கள். பக்கத்து சீட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார். பெல்ட் போட்டிருந்தார். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தியபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வந்தீங்கப்பா? யாரு ஏத்திவிட்டாங்க?"

"யாரும் இல்ல. வார்டுப் பையன் சக்கர நாற்காலியில கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டான். கண்ணாடியைத் தட்டப் போனான், வேணாம்னுட்டேன். கதவைப் பிடிச்சுக்கிட்டு, அப்படியே திரும்பி உக்காந்துட்டேன்."

"எழுப்பியிருக்கலாமேப்பா. அரை மணி நேரம் ஆயிருக்கே."

"நல்லாத் தூங்கினே" என்றார். "வாயைத் தொறந்துக்கிட்டு."

தொலைபேசியில் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று அழைப்புகள் தவறியிருந்தன. அவள் எஞ்சினை இயக்காமல் ஸ்டியரிங்கின் மேல் கை வைத்தபடி இருந்தாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வேணும்னா இன்னும் பத்து நிமிஷம் தூங்கு" என்றார். "எனக்கு இங்க ஒண்ணும் கஷ்டமா இல்ல."

அவள் சீட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டாள்.