பெரட்டில் பேசிய சடங்கு

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு அழைத்துத் தப்பு முழங்கியபோது, தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் தகரங்களில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. கவாத்துக் கத்தி பிடித்துப் பிடித்து என் விரல்கள் விடியலில் மடங்க மறுக்கும். முதுகு மட்டும் எவர் முன்னும் வளைந்ததில்லை.

மகள் பாக்கியலெட்சுமி இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, ஈரக் கூடையைத் தலையில் மாட்டி முன்னே நடந்தாள். பெரிய பெண்களின் நிரையில்தான் கொழுந்தெடுக்கிறாள். அவர்கள் அளவுக்கு எடையும் போடுகிறாள். சம்பளம் மட்டும் சின்ன ஆள் சம்பளம். பெண்ணுக்குப் பதினைந்து வயது தாண்டினால் பெரியாள் சம்பளம் என்பது சட்டம். லயத்தில் பிறந்தவளுக்குப் பதிவு ஏது? வயதுக்குச் சாட்சி எங்கே என்று, சம்பளக் கணக்கு எழுதும் கிளாக்கர் குமாரசிங்கம் கையை விரித்துவிடுவார். இவளைப் போல இன்னும் பல பெண்கள்.

முந்தின நாள் என் பெண்சாதி பெரியாயி அடுப்படியில் இருந்தபடி சொன்னாள்: "புள்ள சமைஞ்சு மூணு வருசமாச்சு. சடங்குக்கு அந்தக் கிளாக்கரய்யாவே வந்து சாப்பிட்டாரு. அதச் சொல்லுங்களேன்."

"எம்மக உக்காந்த கதைய ஆம்பளைங்க முன்னால பெரட்டுல சொல்லணுமா? வாய மூடுடி!"

மூடிக்கொண்டாள். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான்.

இன்று பெரட்டுக் களத்தில் மகளே கேட்டுவிட்டாள்.

"எனக்கு எப்பங்க பெரியாள் சம்பளம்?"

குமாரசிங்கம் சிரித்தார். "உனக்கு வயசு வந்திட்டுதெண்டு ஆர் சாட்சி? பாவாடை கட்டின எல்லாருக்கும் பெரியாள் சம்பளமே?"

கங்காணியும் சிரித்தான். மகள் தலை குனிந்தாள். என் வீட்டுப் பெண்ணின் தலை, ஊர் பார்க்க, குனிந்தது. இதற்குத்தானா நான் வாயைக் கட்டி வைத்திருந்தேன்?

"நீங்கதாங்க சாட்சி," என்றேன். "இவ சமைஞ்சு மூணு வருசம். சடங்குப் பந்தியில மொத ஆளா உக்காந்தீங்க. பன்னெண்டு முடிஞ்சு சமைஞ்சிருந்தாலும் இப்ப பதினஞ்சு தாண்டலீங்களா?"

"சாப்பிட்டது ஞாபகமில்லை."

"ரெண்டாந்தரம் பாயாசம் கேட்டீங்களே, அதுவுமா?" என்றாள் பெரியாயி. பெண்கள் கூட்டம் குலுங்கியது.

"பச்ச ஓலையில குச்சு கட்டுன தாய்மாமன் நானுங்க," என்று அழகர் முன்னால் வந்தான்.

"மொதத் தண்ணி ஊத்துனது நானு," என்றாள் நிரையில் நின்ற ஒரு கிழவி.

"எம்மக சடங்கும் அதே வருசந்தான்!" பின்வரிசையில் ஒரு தாய் கத்தினாள். அதுவரை அவளும் மானத்துக்கு அஞ்சி வாய் திறக்காதவள்.

"கொழுந்து மலைக்குப் போகாட்டி ஒருத்தருக்கும் இண்டைக்குச் சம்பளமில்லை!" கிளாக்கரின் குரல் உயர்ந்தது.

ஒரு கூடை தரையில் இறங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

கீழ் வளைவில், தோட்டத்தை நடத்தும் துரையின் மோட்டார் சைக்கிள் உறுமி ஏறிவந்தது. என்ன சொல்வாரோ? அடுப்பில் இன்று என்ன வேகுமோ? விரல்கள் வலித்தன. கவாத்துக் கத்தியைக் கூடைகளின் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன்.

பாக்கியலெட்சுமி என் அருகே வந்து நின்றாள். அவள் தலை நிமிர்ந்திருந்தது.