ஊதா விளக்கும் ஒரு முன்பல்லும்

"அப்போ, அந்த ஒரு பல்லு மட்டும் பொய்ப்பல்லுன்னு விளக்குக்கு எப்படித் தெரிஞ்சுது, அண்ணி?"

"விளக்குக்கு ஒண்ணும் தெரியாது, கொழுந்தனாரே. வாயை நல்லாத் திறங்க. போன வருஷம் சோடா பாட்டிலைப் பல்லால திறந்து முன்பல்லை உடைச்சுக்கிட்டீங்களே, அந்த வீரத்தோட திறங்க."

பல் மருத்துவரான அண்ணியின் சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தவனுக்குப் பற்பசை நிறுவனம் ஒன்றில் விற்பனை அதிகாரி வேலை. அலுவலகத்தில் அவனுக்கு முத்துப்பல் என்று பெயர். "பல் டாக்டர் வாசப்படியை மிதிச்சதே இல்ல. எல்லாம் நம்ம பேஸ்ட்டோட மகிமை" என்று கூட்டத்துக்குக் கூட்டம் மார்தட்டிக்கொள்வான். மிதித்த வாசப்படி அண்ணியுடையது என்பதால் அது கணக்கில் சேராது என்பது அவன் கட்சி.

இன்று மாலை புதுப் பற்பசையின் அறிமுக விழா. முதலாளிக்கு அவன் சிரிப்பு பிடித்துப்போனால் அட்டைப்பெட்டியில் அவன் முகம்தான் வரும். அதற்காக யோசனையும் அவனே கொடுத்திருந்தான். அரங்கத்தை இருட்டாக்கி ஊதா விளக்கைப் போட்டால் எல்லோருடைய பல்லும் நிலா மாதிரி ஒளிரும் என்றான். விளக்குப் போடுகிறவர் தயங்கியபோது மேசையைத் தட்டி அவர் வாயை அடைத்தான்.

நேற்று ஒத்திகையில் எல்லோருடைய பல்லும் ஒளிர்ந்தது. அவன் சிரிப்புக்கு நடுவில் மட்டும் ஒரு கறுப்பு ஜன்னல் திறந்திருந்தது. "சார், முன்பல்லு எங்க போச்சு?" என்று கணக்குப் பிரிவுப் பெண் கேட்க, "சாக்லேட் ஒட்டியிருக்கும்மா" என்று வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தான்.

"பகல்ல வெள்ளையாத்தானே இருக்கு?" என்றான் இப்போது, ஏதோ பல் துரோகம் செய்துவிட்டது போல.

"பகல் வெளிச்சத்துல எல்லா நிறமும் இருக்கு. ரெண்டு பல்லும் அதை ஒரே மாதிரி திருப்பி அனுப்புது, ரெண்டும் வெள்ளையாத் தெரியுது. அந்த ஊதா விளக்குல இருந்து வர்றது பெரும்பாலும் நம்ம கண்ணுக்கே தெரியாத ஒளி. நிஜப் பல்லு அதை விழுங்கிட்டு, நமக்குத் தெரியற நீல வெள்ளையா வெளிய விடும். உங்க பீங்கான் பல்லு விழுங்கிட்டுக் கம்முனு இருக்கும். உங்க வாயில இருந்துக்கிட்டு அடக்கமா இருக்கற ஒரே பொருள் அதுதான்."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே! ஒளிர்ற பீங்கானும் இருக்கு, வர்றதுக்குக் கொஞ்சம் நாளாகும்னேன். 'பொறுக்க முடியாது, நான் என்ன ஊதா விளக்குல ஆடப் போறேனா'ன்னு கேட்டது யாரு? உங்கண்ணன்கூட சிரிச்சாரு."

அவன் வாய் தானாக மூடிக்கொண்டது. அண்ணி விரலால் மறுபடி திறந்தாள். பல்லைச் சுற்றிப் பஞ்சை அடைத்து, ஒளிரும் பசை ஒன்றைப் பீங்கான்மேல் மெல்லிசாகப் பூசினாள். இன்றைய கூத்துக்கு மட்டும் இது தாங்கும் என்றாள்.

அப்போது அவன் கைபேசி அடித்தது. திரையில் முதலாளி. அவன் கண்ணாலேயே கெஞ்ச, அண்ணி முழங்கையால் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"முத்துப்பல், நீ பேசாத, நான் சொல்றதைக் கேளு. நேத்து நீங்க எல்லாரும் போனப்புறம் நான் வந்து அந்த ஊதா விளக்குக்கடியில கண்ணாடியில பார்த்தேன். மேல் வரிசை முழுக்கக் காணோம்யா! எல்லாம் கட்டின பல்லு, வெளிய யாருக்கும் தெரியாது. பொக்கைவாய்க் கிழவன் மாதிரி நிக்கறேன். விளக்கை மாத்தலாம்னா, உன் பேச்சைக் கேட்டு அழைப்பிதழ்லயே 'ஒளிரும் புன்னகை'ன்னு அச்சடிச்சுத் தொலைச்சாச்சு."

அண்ணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி, பஞ்சை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். வாயில் பஞ்சு இருக்கிறது, பேச முடியாது என்று இனி அவன் சாக்குச் சொல்ல வழியில்லை.

"உன்கிட்டப் போய்க் கேக்கறேன் பாரு, பல் டாக்டர் வாசப்படியே மிதிக்காதவன்கிட்ட! ஆனாலும் கேக்கறேன். சாயங்காலத்துக்குள்ள இதைச் சத்தமில்லாமச் சரிபண்ணித் தர்ற டாக்டர் யாரையாவது உனக்குத் தெரியுமாய்யா? பேரை மட்டும் சொல்லு, போதும்."