விழித்திரை வரைக்கும்

டாக்டர் அஹ்சன் குனிந்து, அப்பாவின் இமையைப் பெருவிரலால் உயர்த்தி டார்ச் அடித்தார். கண்மணி சுருங்கவில்லை. இன்னொரு கண்ணுக்கும் அடித்தார். அதுவும் அப்படியே இருந்தது. வெளிச்சத்துக்கு எந்தப் பதிலும் இல்லை என்று, கட்டிலருகே நின்ற உமாராணியிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

அது முழுக்கச் சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது. இந்த நேரத்தில் போய் இப்படித் தோன்றுகிறதே என்று தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

அபுதாபியில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவள் போடுவது அந்தப் பதிலின் கணக்குத்தான். விழித்திரையில் ஒரு மூலக்கூறு வளைந்து கிடக்கிறது. ஒளி பட்டதும் முறுக்கிக்கொண்டு நிமிர்கிறது, சுவிட்சைத் தட்டினாற்போல. பார்வையின் முதல் அசைவு அது. எந்த வழியாக முறுக்குகிறது, எத்தனை நிமிரும், எத்தனை பாதியில் மனம் மாறிப் பழையபடி வளைந்துகொள்ளும் என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பாள். நிமிர்ந்ததோடு அவள் வேலை முடிந்தது. அப்புறம் நரம்பாச்சு, மூளையாச்சு, அதெல்லாம் வேறு துறைக்காரர்கள் பாடு.

அங்கேயே முசஃபா தொழிற்பேட்டையில் லாரி மெக்கானிக்காக இருந்த அப்பா கார்மேகத்துக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க ஒருமுறை முயன்றாள்.

"நெசக் கண்ணையே நான் பாத்ததில்லப்பா. எல்லாம் கம்ப்யூட்டர்லதான்."

"பாக்காமயே சம்பளம் குடுக்குறானா? நல்ல கம்பெனிதான்" என்று சிரித்தவர், தொழிலாளர் கேம்ப்பில் போய் மகள் கண் டாக்டர் என்று சொல்லிவைத்துவிட்டார். அவரோடு ஒரே ரூமில் இருந்த கீழக்கரை மீராசா, கண் அரிப்புக்கு மருந்து கேட்டு அவளுக்கு போன் செய்தார்.

அவள் பிறந்ததிலிருந்து அப்பா வளைகுடாவில்தான். லீவில் வந்து போகும் விருந்தாளி. அவளுக்கு இங்கே வேலை கிடைத்தபோது அம்மா நாகவள்ளிக்குத் தலைகால் புரியவில்லை. அப்பனும் மகளும் இனியாவது முகம் பார்த்துக்கொள்வார்களே! ஆனால் கேம்ப்புக்குள் பெண்களை விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சூப்பர்மார்க்கெட் வாசல் பெஞ்சில் சந்தித்தார்கள். வளர்ந்த மகளை நேருக்கு நேர் பார்க்க அப்பாவுக்குக் கூச்சம். ரோட்டில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே "சாப்டியா?" என்பார். அவளும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே "சாப்டேம்ப்பா" என்பாள். கிளம்பும்போதாவது ஒருமுறை திரும்பிப் பார்க்கமாட்டாரா என்று அவளுக்கு இருக்கும்.

முந்தாநாள் ஒர்க்‌ஷாப்பில் விழுந்தவர் கண் திறக்கவே இல்லை. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். காலையில்கூட அம்மா போனில் சொன்னாள்: "கண்ணத் தொறந்தா ஒன் மொகந்தான் தெரியணும் ஆத்தா. அங்கிட்டு இங்கிட்டுப் போயிராத."

அவள் போகவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் போன கொஞ்ச நேரத்தில் இதயமும் நின்றது.

மலையாளி நர்ஸ் ஒவ்வொரு குழாயாக எடுத்தாள். இமைகள் தாமாகப் பாதி திறந்துகொண்டன. அவற்றை மூடப்போன கையை உமாராணி பிடித்தாள்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர்."

"நோக்கிக்கோ மோளே" என்று நர்ஸ் தள்ளி நின்றாள்.

உமாராணி ஜன்னல் திரையை முழுவதும் விலக்கினாள். வெயில் தன் முகத்தில் விழும்படி நின்று, அப்பாவின் கண்களுக்கு நேராகக் குனிந்தாள். இதயம் துடிக்கிறதா என்று அந்த மூலக்கூறு கேட்பதில்லை. ஒளி பட்டால் நிமிரும். அது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்பா கூச்சப்படவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பார்த்தது போதும் என்று யாரும் சொல்லாததால் கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள். பிறகு தானே இமைகளை மூடினாள்.

வெளியே மீராசா காத்திருந்தார். "தங்கச்சி, கம்பெனி ஆளு வர்றாரு. பேப்பர் வேலய நான் பாத்துக்கிறேன். நீங்க மொதல்ல ஊருக்குப் பேசுங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

போட்டிம் ஆப்பில் அம்மாவை அழைத்தாள், வீடியோ இல்லாமல். சொல்ல ஆரம்பிக்கும் முன்பே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை.

"வாயில பாலு ஊத்துனியா ஆத்தா?"

"டியூபு இருந்துச்சும்மா. விடல."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலிகளை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது.

"கடேசியா ஒன்னயப் பாத்தாரா?"

தன் முகத்து வெளிச்சம் அவருடைய விழித்திரை வரைக்கும் போனது என்று உமாராணியால் சத்தியம் செய்ய முடியும். அதற்கு மேல் ஒரு சொல்கூட அவளால் எழுதிக் கொடுக்க முடியாது.

"பாத்தாரும்மா."

"நல்லாப் பாத்தாரா?"

"நல்லாப் பாத்தாரு. மொகத்துக்கு நேரா."

அம்மா மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. பிறகு வீட்டில் கூடியிருந்தவர்களிடம் சொல்வது கேட்டது: "கேட்டீகளா, மகளப் பாத்துட்டுத்தான் போயிருக்காரு மனுசன்!"

அதன்பிறகுதான் அழுகை வெடித்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டு பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். இணைப்பைத் துண்டிக்க அம்மா மறந்துவிட்டாள். உமாராணியும் துண்டிக்கவில்லை. புதிதாக யாராவது உள்ளே வரும்போதெல்லாம், அவர் மகளை எப்படிப் பார்த்தார் என்பதை அம்மா முதலிலிருந்து சொன்னாள். உமாராணி வராந்தா நாற்காலி வரிசையில் உட்கார்ந்து, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டாள்.