அடுத்தவள் ஒட்டிய பாக்கெட்

லைன் இரண்டை இழுத்து மூடிவிடலாம் என்று முதலாளி சொன்ன காலையில், அதன் மேற்பார்வையாளன் காம்ரோன் முன்பின் யோசிக்காமல் வாயைக் கொடுத்துவிட்டான்.

"கொஞ்சம் பொறுங்க தாவ்கே. கசிவு எங்கேருந்து வருதுன்னு நான் கண்டுபிடிக்கிறேன். முடியலன்னா அந்தப் பொண்ணுங்களோட நானும் வீட்டுக்குப் போயிடுறேன்."

முதலாளியை அங்கே எல்லோரும் தாவ்கே என்றுதான் கூப்பிடுவார்கள். தாவ்கே மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?" என்றார். யோசித்தா சொன்னான்? வாசல் தாண்டி வந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்றே அவனுக்கு விளங்கியது.

தாய்லாந்தில் மேக்லோங் ஆற்றோரம் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் தேங்காய்ப்பாலை பாக்கெட்டில் அடைத்துக் கப்பலேற்றுவார்கள். பெரிய கம்பெனிகளோடு விலையில் மோத முடியாது. பாலின் ருசியை வைத்துத்தான் பிழைப்பு. அந்த ருசிக்காகவே ஒசாகாவிலிருந்து ஒருவர் வருடக்கணக்காக வாங்கிக்கொண்டிருந்தார். ஆனால் கொஞ்ச நாளாக, போய்ச் சேரும் பெட்டிகளில், லைன் இரண்டில் அடைத்த சில பாக்கெட்டுகள் மூலையில் கசிந்தன. இங்கே ஏற்றும்போது ஒரு பழுதும் இல்லை. தடவிப் பார்த்தாலும் இல்லை, அழுத்திப் பார்த்தாலும் இல்லை. கடலில் போகும்போது மட்டும் எப்படிக் கசியும்? ஒசாகாக்காரர் மாதக் கடைசியில் நேரில் வருகிறார். அதற்குள் காரணம் தெரியவில்லை என்றால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடும்.

லைன் இரண்டு என்பது வட்டமாகப் போட்ட ஆறு மேசைகள். மேசைக்கு ஒரு பெண், மிதித்தால் பாக்கெட் வாயைச் சூட்டில் ஒட்டும் ஒரு கால்மிதி சீலிங் மிஷின். ஒருத்தி பாக்கெட்டில் பாலை நிரப்பி, வாயை ஒட்டி, பக்கத்து மேசைக்குத் தள்ளுவாள். அடுத்தவள் அதைத் துடைத்து, மூலை சுருங்கியிருக்கிறதா என்று பார்த்துப் பெட்டியில் போடுவாள். பிறகு தன் பாக்கெட்டை ஒட்டி, தனக்கு அடுத்தவளிடம் தள்ளுவாள். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். நேற்று யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மாமியார் என்ன சொன்னாள் என்ற கதையெல்லாம் பாக்கெட்டோடு சேர்ந்து வட்டம் சுற்றி வரும்.

இந்த நேரத்தில்தான் பாங்காக் பல்கலைக்கழகத்திலிருந்து பிம்லதா வந்தார். சின்ன தொழிற்சாலைகள் பெரியவற்றோடு போட்டி போட்டு நிற்க என்ன வழி என்பது அவருடைய ஆராய்ச்சி. பாடம் சொல்லித் தருபவர் என்பதால் எல்லோருக்கும் அவர் அஜான். வயது முப்பது இருக்கும். நல்ல பெண், பாவம். வந்த முதல் நாளே லைனில் வேலை செய்யும் அம்பாய் அக்கா கொடுத்த காரமான பப்பாளிச் சாலட்டைக் கண்ணில் நீர் வழிய முழுக்கத் தின்றவர்.

"தப்பு எங்க பொறக்குதோ அங்கேயே அதப் புடிக்கணும், காம்ரோன். கடைசியில புடிச்சா லேட்டு" என்றார் அஜான்.

அதற்கு அவர் கொண்டுவந்த வழி இதுதான். ஒவ்வொரு மேசைக்கும் மேலே ஒரு சிவப்பு லைட். ஒவ்வொருத்தி கையருகிலும் ஒரு பட்டன். பக்கத்து மேசையிலிருந்து சுருங்கிய பாக்கெட் வந்தால் பட்டனை அமுக்க வேண்டும். அனுப்பியவள் தலைக்கு மேல் லைட் எரியும், எண்ணிக்கை பலகையில் ஏறும். எந்த மேசையில் அதிகம் எரிகிறதோ அங்கே போய்க் காரணத்தைத் தேடலாம்.

கேட்க எவ்வளவு தெளிவாக இருக்கிறது, பாருங்கள்! குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

வாரக் கடைசியில் பலகையைப் பார்த்தால் ஆறு மேசைக்கும் ஒரே எண். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"மீட்டர் கெட்டுப்போச்சு" என்றார் அஜான். காம்ரோன் பழைய ரிப்பேர்க்காரன். திருப்புளியை எடுத்து ஆறு பட்டன் பெட்டியையும் திறந்து பார்த்தான். எல்லாம் சரியாகவே இருந்தது.

"அப்ப ஆளுங்கள மாத்தி உக்கார வைங்க."

மாற்றினார்கள். அடுத்த வாரமும் ஆறும் ஒரே எண்.

"மிஷின மாத்துங்க!"

மிஷினையும் மாற்றினார்கள். காம்ரோனுக்கு முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். எண் அசையவில்லை.

அஜான் பலகைக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து நின்றார். "இப்படி நடக்காது காம்ரோன். ஆறு பேர் ஆறு காசைச் சுண்டினாக்கூட வாராவாரம் ஆறும் ஒண்ணுபோல விழாது. நான் படிச்சதுல எங்கயும் இப்படி இல்ல."

"எனக்கும் ஒண்ணும் விளங்கல அஜான்."

தாவ்கேயோ தன் பங்குக்கு வாசல் காவல் சாமிக்குப் புது மாலையும் சிவப்பு சோடாவும் வைத்தார். லைட் மாட்டும்போது சாமியிடம் கேட்காமல் மாட்டியதால் வந்த வினையாக இருக்கலாம் என்பது அவர் கட்சி. அந்த நிலைமையில் காம்ரோனுக்கு அதுகூட நியாயமாகத்தான் பட்டது.

ஒசாகாக்காரர் வர ஒரு வாரமே இருந்தபோது, லம்துவான் என்ற பெண் தம்பி துறவு ஏற்கும் விழாவுக்கு லீவு போட்டாள். அவள் மேசை காலி. காம்ரோன் தானே போய் உட்கார்ந்தான்.

"அடடே, பெரிய அதிகாரி நம்ம பக்கத்துல!" என்றாள் எதிர் மேசை நொய்னா. "மெதுவா மிதிங்க அண்ணே. அது மோட்டார் சைக்கிள் இல்ல."

"உன் கல்யாண ஊர்வலத்துக்கு ஜெனரேட்டர் கட்டினதே இந்தக் கைதான். வாய மூடிட்டு வேலையப் பாரு."

"ஆமா ஆமா, பாதி வழியில இருட்டாப்போச்சே, அதுதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அப்போது அம்பாய் அக்காவின் மேசையிலிருந்து ஒரு பாக்கெட் அவனிடம் வந்தது. மூலையில் லேசான சுருக்கம். அவன் பட்டனை அமுக்கினான். அம்பாய் அக்கா தலைக்கு மேல் லைட் சிவப்பாக எரிந்தது.

"ஐயோ அண்ணே!" நொய்னா பதறினாள். "அவங்க முறை இன்னும் வரலையே! இப்ப என் முறை!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆறு மிஷினும் நின்றன.

"முறையா? என்ன முறை?" என்றான் காம்ரோன்.

கடைசியில் அம்பாய் அக்காதான் பேசினாள். அந்த லைனில் மூத்தவள் அவள். காம்ரோன் வேலைக்குச் சேர்ந்த நாளில் அவனுக்குச் சோறு போட்டவள்.

"தம்பி, லைட் போட்ட மொத நாள் ஞாபகம் இருக்கா? எனக்குத்தான் வரிசையா எரிஞ்சுது. மொத்த ஹாலும் திரும்பிப் பாத்துச்சு. பக்கத்துல இருந்தவ பட்டன அமுக்கிட்டு அழறா, நான் ஒரு வாய் சோறு திங்கல. ஒருத்தி முகத்த ஒருத்தி உடைச்சுட்டு, மத்தியானம் ஒரே தட்டுல எப்படிக் கை வைக்கிறது? அதான் பேசி வச்சுக்கிட்டோம். அஜானுக்கும் பாவம், ஏதாவது லைட் எரியணும்ல? வட்டமா ஆளுக்கு ஒருதரம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

காம்ரோன் தலையைப் பிடித்துக்கொண்டான். சிரிப்பதா, கத்துவதா என்று தெரியவில்லை. பிறகு ஒன்று உறைத்தது.

"அப்ப நெசமாவே சுருங்கி வர்ற பாக்கெட் எங்க போகுது?"

"எங்க போகும்?" அம்பாய் அக்கா அவன் கையிலிருந்ததை வாங்கித் தன் மிஷினில் வைத்து, சுருங்கிய மூலையின் மேல் இன்னொரு தரம் மிதித்தாள். சுருக்கம் போய்விட்டது. "இப்படித்தான். அடுத்தவ கிட்டத் திருப்பி அனுப்பி ஏன் அவள நோகடிக்கணும்? ஒரு மிதிதானே? லைட்டெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே இப்படித்தான் செய்யறோம்."

புது மணப்பெண் மாதிரி மழமழவென்று இருந்தது பாக்கெட். காம்ரோன் அந்த மூலையைக் கட்டைவிரலால் முன்னும் பின்னும் மடித்தான். கப்பல் ஆட்டத்தில் ஆடுவதுபோல் திரும்பத் திரும்ப மடித்தான். இரண்டு சூடு வாங்கிய பிளாஸ்டிக் மொரமொரவென்று ஆகிவிடும், அது அவனுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் ஊசிமுனை அளவு வெள்ளைப் பால் துளிர்த்து வந்தது.

பெண்கள் ஆறுதலாக ஏதாவது சொல்வானா என்று அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் கசிந்த பாக்கெட்டைத் துடைத்து மேசையில் வைத்தான். ஒசாகா பாக்கெட்டைக் கசிய வைத்தது மிஷினும் இல்லை, சாமியும் இல்லை. ஒருத்தி மேல் ஒருத்தி வைத்த பாசம். அதைப் போய் எந்தப் பலகையில் எழுதுவது?

தாவ்கேயிடம் சொன்னால், "யார் ஆரம்பிச்சது?" என்று கேட்பார். மூத்தவள் என்று அம்பாய் அக்காவின் தலைதான் உருளும். சொல்லாவிட்டால் ஆறு பேருக்கும் வேலை போகும், அவனுக்கும் சேர்த்து. அவன் அஜானிடம் மட்டும் போய் நடந்ததைச் சொன்னான்.

அஜான் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப இத்தன நாளா நான் அளந்தது எதை?" என்றார்.

"தெரியலையே அஜான்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு குளிர்ந்த காப்பியை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதிக் காப்பியில் காம்ரோன் சொன்னான்: "யாருன்னு கேக்காம, என்னன்னு மட்டும் கேட்டா?"

மறுநாள் மேசை லைட்டுகளை எல்லாம் கழற்றினார்கள். வட்டத்துக்கு நடுவே ஒரு பெரிய நீலத் தொட்டியை வைத்தார்கள். சுருங்கிய பாக்கெட்டை ரெண்டாம் தரம் மிதிக்கக் கூடாது, யாருடையது என்றும் சொல்ல வேண்டாம், தொட்டியில் போட்டால் போதும். பெண்கள் சரி சரி என்று தலையாட்டினார்கள். அன்று முழுக்கத் தொட்டி காலியாகவே கிடந்தது. மறுநாளும் அப்படியே.

காம்ரோன் திரும்ப ஒரு மேசையில் உட்கார்ந்து, தான் ஒட்டியதிலேயே சுருங்கிய ஒன்றை எடுத்துத் தொட்டியில் தொப்பென்று போட்டான். "என் லட்சணம் இதுதான். எல்லாரும் பாத்துக்குங்க."

"உங்க ஜெனரேட்டர் லட்சணத்துக்கு இது பரவால்ல அண்ணே" என்று சொல்லி நொய்னாவும் ஒன்றைப் போட்டாள். பிறகு இன்னொருத்தி போட்டாள். சாயங்காலத்துக்குள் தொட்டி நிறைந்து வழிந்தது.

வந்து பார்த்த தாவ்கே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அஜான் வர்றதுக்கு முன்னாடி ஒரு பாக்கெட் வீணாகல. இப்ப தொட்டி தொட்டியா? இதுக்குப் பேரு முன்னேற்றமா?" அஜானுக்கும் அதே குழப்பம்தான். அவர் ஆராய்ச்சியில், அவர் செய்த மாற்றத்துக்குப் பிறகு தப்பு பல மடங்கு கூடியிருந்தது. இதை எப்படி எழுதி யாரிடம் காட்டுவது?

அந்த நிலையில் ஹிகுச்சி வந்து சேர்ந்தார். அவர்தான் ஒசாகாக்காரர். பல வருடம் வந்துபோனதில் அரைகுறையாக இந்த ஊர்ப் பேச்சு அவருக்கு வரும். தாவ்கே தொட்டியை ஒளித்து வைக்கச் சொல்லியிருந்தார். காம்ரோன் கேட்காததுபோல் இருந்துவிட்டான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது.

ஹிகுச்சி நேரே தொட்டியிடம் போனார். ஒரு பாக்கெட்டை எடுத்துப் புரட்டினார்.

"போன தடவை வந்தப்ப இது இங்க இல்ல."

"இல்லைங்க" என்றான் காம்ரோன்.

"அப்ப போன தடவை பாக்கெட் சுருங்கல?"

தாவ்கேயின் கண்கள் 'சுருங்கலன்னு சொல்லுடா' என்று கெஞ்சின. காம்ரோன் ஹிகுச்சியிடமே திரும்பினான். "அப்பவும் சுருங்குச்சுங்க. ரெண்டாம் தரம் ஒட்டி உங்களுக்கு அனுப்பிட்டோம். அதுதான் கடல்ல கசிஞ்சிருக்கு."

தாவ்கே கண்ணை மூடிக்கொண்டார்.

"எந்த மேசை?" என்றார் ஹிகுச்சி.

அப்போது அம்பாய் அக்கா மெதுவாக எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. "என் மேசைங்க."

"என் மேசையும்தான்" என்றாள் நொய்னா. லம்துவான் கையைத் தூக்கினாள். பிறகு மற்ற மூவரும் தூக்கினார்கள்.

ஆறு கைகளையும் ஹிகுச்சி மாறி மாறிப் பார்த்தார். அஜான் பக்கம் திரும்பி, "எல்லாருமா? இது சரியா?" என்று கேட்டார். அஜான் காம்ரோனைப் பார்த்தார். காம்ரோன் தரையைப் பார்த்தான். உண்மையிலேயே ஆறு பேரும் செய்ததா, இல்லை அம்பாய் அக்காவைத் தனியே நிற்க விடக் கூடாதென்று கை தூக்கினார்களா? சத்தியமாக அவனுக்குத் தெரியவில்லை.

ஹிகுச்சி கையிலிருந்த பாக்கெட்டைத் திரும்பத் தொட்டியில் போட்டார். "அடுத்த கப்பல் இந்த லைன்லேருந்தே வரட்டும். இந்தத் தொட்டியை மட்டும் எடுக்காதீங்க" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் பால் காய்ச்சும் பக்கம் நடந்தார்.

தாவ்கே காம்ரோனின் காதோரம் குனிந்தார். "ஏண்டா, பால் வீணாப் போறதப் பாக்கவா அவன் ஒசாகாலேருந்து வந்தான்? நம்மள வையறானா, மெச்சறானா?"

"லைன் இருக்கு தாவ்கே. அது மட்டும் எனக்குப் புரிஞ்சுது."

தாவ்கே தலையை ஆட்டிக்கொண்டே விருந்தாளியின் பின்னால் ஓடினார். அஜானால் மட்டும் இருக்க முடியவில்லை. அம்பாய் அக்காவின் மேசையருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"அக்கா, எனக்கு மட்டும் சொல்லுங்க. நெசமாவே உங்க ஆறு பேருமா?"

அம்பாய் அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கும் அஜான். இல்லாமலும் இருக்கும். மணி ஆச்சே, சாப்பிட்டீங்களா?"

அஜான் இல்லையென்று தலையாட்டினார். நொய்னா அவருக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.